இருநூற்றுப் பதினேழு மிக நன்று

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, உலகத்தில் பழைய கார் என்று ஒன்று கிடையவே கிடையாது என்பது. ரத்தக்காரிக்கு இது தெரியாது. அவள் பாட்டுக்குக் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், வரவேற்பு மேசையில் இருந்த பெண்ணிடம், “பழைய கார் ஒண்ணு வேணுங்க, சின்னதா,” என்று கேட்டுவிட்டாள்.

வரவேற்புப் பெண் சிரிப்பு மாறாமல் சுற்றும் முற்றும் பார்த்தாள். கோயிலில் செருப்போடு நுழைந்தவர்களை அப்படித்தான் பார்ப்பார்கள்.

“இங்க பழசுன்னு எதுவும் இல்லைங்க மேடம். அனுபவமுள்ள வாகனம்னு சொல்லுவோம்.”

“அப்போ நான் பத்து வருஷமா அனுபவமுள்ள செருப்பு போட்டிருக்கேன்,” என்றார் பின்னால் நின்ற கிரீஸ் அண்ணன்.

ரத்தக்காரி என்பது தெருப்பிள்ளைகள் வைத்த பெயர். விடிவதற்குள் ஸ்கூட்டரைக் கிளப்பி, வீடு வீடாகப் போய், படுக்கையில் கிடப்பவர்களிடமும் படியிறங்க முடியாதவர்களிடமும் ரத்தம் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்துப் பரிசோதனைக்கூடத்தில் சேர்ப்பது அவள் வேலை. அதற்காக ஒரு பட்டம் படித்திருந்தாள். அவள் வீட்டில் பட்டம் வரை போன முதல் ஆள் அவள்தான். அப்பா சந்தையில் தள்ளுவண்டியில் மூட்டை ஏற்றித் தள்ளியவர். கையெழுத்துப் போடும்போது நாக்கைக் கடித்துக்கொள்வார். ஆகவே முத்திரை குத்திய காகிதம் என்றால் அந்த வீட்டில் தனி மரியாதை. அவளுடைய பட்டச் சான்றிதழுக்கு, மழையில் ஒழுகாத ஒரே மூலை ஒதுக்கப்பட்டிருந்தது. மனிதர்கள் நனையலாம்.

கிரீஸ் அண்ணன் பக்கத்து வீட்டு மெக்கானிக். அவர் விரலிடுக்கில் இருக்கும் கறுப்பு, அவருடைய கல்யாண போட்டோவிலும் இருக்கிறது. கார் பார்க்கத் துணைக்கு வரச் சொன்னதும் சட்டை மாற்றிக்கொண்டு வந்திருந்தார்.

அவளுக்குக் கார் ஏன் என்றால், பரிசோதனைக்கூடத்தில் ஒரு சுற்றறிக்கை ஒட்டியிருந்தார்கள். ஸ்கூட்டர் குலுக்குகிற குலுக்கலில் ரத்தக் குழாய்கள் கெட்டுப்போகின்றனவாம். ரோடு போட்டவனை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. வருகிற ஒன்றாம் தேதியிலிருந்து, சான்றிதழ் பெற்ற நான்கு சக்கர வாகனம் வைத்திருப்பவர்கள் மட்டும் வேலையில் தொடரலாம். மற்றவர்களுடைய ஒப்பந்தம் ‘தானாகவே முடிவடையும்’. அந்தத் தானாகவே என்ற சொல்லை எழுதியவரை ஒரு தடவை நேரில் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அவளுக்குத் தெரிந்து சோறுகூடத் தானாக வெந்ததில்லை.

ஒன்றாம் தேதி திங்கட்கிழமை. அவள் கண்ணாடிக் கதவைத் தள்ளியது வியாழக்கிழமை. தெருமுனையில் ஒருவர் நல்ல கார் ஒன்றை விற்கத்தான் செய்தார். கிரீஸ் அண்ணன் கையாலேயே வளர்ந்த கார். ஆனால் வங்கியில் கைவிரித்துவிட்டார்கள். இந்த நிறுவனத்தின் சான்றிதழ் இருந்தால்தான் கடன் கிடைக்கும். பரிசோதனைக்கூடமும் அந்தச் சான்றிதழைத்தான் கேட்டது. ஆக அவளுக்கு வேண்டியது கார். எல்லோரும் கேட்டது காகிதம்.

டை கட்டிய ஒருவர் வந்து கைகூப்பினார். அவருக்கு உறவு மேலாளர் என்று பதவி. உறவினர்கள் தொல்லை போதாதென்று அதற்கு ஒரு மேலாளர் வேறா என்று கிரீஸ் அண்ணன் வாய்க்குள் முனகினார்.

“நாங்க கார் விக்கறதில்லைங்க,” என்று ஆரம்பித்தார் உறவு மேலாளர். “ஒவ்வொரு வாகனத்துக்கும் ஒரு நல்ல குடும்பம் தேடித் தர்றோம்.”

“ஏன், இருந்த குடும்பம் என்ன ஆச்சு?” என்றார் அண்ணன்.

“அவங்க வளர்ந்துட்டாங்க சார்.”

கார்கள் எல்லாம் முதல் மாடியில் நின்றன. வரிசை வரிசையாக, நெற்றியில் ரிப்பன் ஒட்டி. ஒவ்வொன்றையும் சுற்றித் தரையில் மஞ்சள் கோடு. அவள் கடனுக்குள் அடங்கிய கார் கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் நின்றது. வெள்ளை நிறம், ஐந்து கதவு, பின்னால் சீட்டை மடக்கினால் ஐஸ் பெட்டி ஜம்மென்று உட்காரும். பார்த்த மாத்திரத்தில் அவளுக்குப் பிடித்துவிட்டது. அப்பாவை முன்சீட்டில் உட்கார வைத்து ஒரு சுற்றுப் போய்வர வேண்டும் என்றுகூடத் தோன்றிவிட்டது.

கிரீஸ் அண்ணன் பானெட்டைத் திறக்கக் கை நீட்டினார். எங்கிருந்தோ ஒரு காவலாளி வந்து கையைப் பிடித்தார்.

“கோட்டைத் தாண்டக் கூடாதுங்க.”

“இஞ்சினைப் பாக்க வேணாமா?”

“பாத்தாச்சு சார்,” என்றார் உறவு மேலாளர். “இருநூத்திப் பதினேழு பரிசோதனை பண்ணியாச்சு. நீங்க திரும்பப் பாத்தா, எங்க தர அதிகாரியை நம்பலைன்னு ஆயிடும். அவர் மனசு கஷ்டப்படும்.”

தர அதிகாரியே வந்தார். வெள்ளைக் கையுறை போட்டிருந்தார். கையுறையில் ஒரு பொட்டு அழுக்கு இல்லை. அவர் தோல் உறையிலிருந்து சான்றிதழை எடுத்துக் காட்டினார். இருநூற்றுப் பதினேழு வரிகள். ஒவ்வொரு வரிக்கும் எதிரே இரண்டு கட்டங்கள்: நன்று, மிக நன்று. எல்லா வரியிலும் இரண்டாவது கட்டத்தில் டிக். கீழே தங்க நிறத்தில் முத்திரை.

ரத்தக்காரி காகிதத்தைத் தொட்டுப் பார்த்தாள். கனமான தாள். அவளுடைய பட்டத்தைவிடக் கனம்.

“நல்லா இல்லைன்னா எங்க டிக் போடுவீங்க?” என்று கேட்டாள்.

தர அதிகாரிக்குக் கேள்வி புரியவில்லை. “அப்படி ஒரு கட்டம் இல்லையே மேடம்,” என்றார். “பதினோரு வருஷமா இந்தப் படிவத்துலதான் பண்றேன். தேவைப்பட்டதே இல்லை.”

கிரீஸ் அண்ணன் கோட்டுக்கு வெளியே குந்தி உட்கார்ந்து காருக்குள் எட்டிப் பார்த்தார். “மீட்டர்ல முப்பதாயிரம் கிலோமீட்டர்னு இருக்கு. கிளட்ச் பெடலைப் பாருங்க, ரப்பர் வழுக்கைத் தலையா இருக்கு. அது மூணு லட்சம்ங்குது.”

“முந்தின ஓனருக்குக் கொஞ்சம் கனமான கால் சார்.”

“ஸ்டெப்னி எங்க? பின்னாடி பள்ளம்தான் இருக்கு.”

தர அதிகாரி விரலால் வரியைத் தடவினார். “நூத்தி நாலு. மாற்று டயர். மிக நன்று.”

“டயரே இல்லையே.”

“அதனாலதான் மிக நன்று. தேய்மானம் பூஜ்யம்.”

அடுத்தது சோதனை ஓட்டம். மேலாளர் ஸ்டீயரிங்கில் உட்கார்ந்தார், ரத்தக்காரி பக்கத்தில். முதல் மாடியிலிருந்து தரைக்குச் சரிவுப் பாதை இறங்கியது. கார் அதில் மிதந்துகொண்டு போனது. இப்படி ஒரு வழவழப்பை அவள் எந்த வண்டியிலும் கண்டதில்லை. சத்தமே இல்லை. கீழே போய் மெத்தென்று நின்றது. நான்கு ஊழியர்கள் ஓடிவந்து கதவைத் திறந்து, அவளை இறக்கிவிட்டு, காரைப் பின்பக்கமாகத் தள்ளி மேலே ஏற்றினார்கள்.

“ஏன் தள்ளறாங்க?”

“வாகனத்துக்கு நாங்க குடுக்கற மரியாதைங்க.”

“இஞ்சினே போடலை, தங்கச்சி,” என்றார் கிரீஸ் அண்ணன். “சரிவுல விட்டா அம்மிக்கல்லும்தான் ஓடும். வேணாம். வா போகலாம்.”

தூணில் சாய்ந்து நின்று சான்றிதழின் முத்திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணே, நீங்க சொல்றது சரிதான். ஆனா நீங்க சொன்னா பேங்க் நம்பாது. இவங்க சொன்னா நம்பும். இன்னைக்கு வியாழன். திங்கக்கிழமை நான் எதைக் காட்டறது, உங்க விரலையா?”

அண்ணன் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார். கோபித்துக்கொள்ளவில்லை. “சரி. வாங்கிப் போடு. வீட்டுக்கு வந்தா நான் பாத்துக்கறேன்,” என்றார்.

ஒப்படைப்பு விழா என்று ஒன்று நடந்தது. காருக்குச் சிவப்புத் துணி போர்த்தினார்கள். அவளை அதன் முன்னால் நிறுத்தி, ஆளுயர அட்டைச் சாவி ஒன்றைக் கையில் கொடுத்துப் படம் எடுத்தார்கள். உறுதிமொழி வாசிக்கச் சொன்னார்கள். “இந்த வாகனத்தை இன்பத்திலும் துன்பத்திலும் ஐயுறாதிருப்பேன்” என்பது அதன் மூன்றாவது வரி. ஊழியர்கள் அரைவட்டமாக நின்றார்கள். நிறுவனத்தின் தலைவர் லிஃப்டிலிருந்து இறங்கி வந்து ஒலிபெருக்கியைப் பிடித்தார். கூடத்தில் மொத்தம் பதினைந்து பேர். ஒலிபெருக்கி ஆயிரம் பேருக்கானது.

“நான் இந்தத் தொழிலுக்கு வந்தப்போ,” என்றார் தலைவர், “வாங்க வர்றவன் டயரை உதைப்பான். பானெட்டைத் திறப்பான். கூட ஒரு மெக்கானிக்கைக் கூட்டிட்டு வருவான். எவ்வளவு அநாகரிகம். யோசிச்சுப் பாத்தேன். ஜனங்களுக்குக் கார் பத்தி என்ன தெரியும்? ஒண்ணும் தெரியாது. தெரிஞ்சிக்கணுமா? கூடாது. தெரிஞ்சா வாங்க மாட்டாங்க. அதனால அவங்க கேக்கப் போற இருநூத்திப் பதினேழு கேள்விக்கும் பதிலை நாங்களே முன்கூட்டி அச்சடிச்சு வச்சுட்டோம். இன்னைக்கு எங்க சான்றிதழை வச்சு கார் விக்கறோம். கடவுள் புண்ணியத்துல, சீக்கிரமே கார் இல்லாம சான்றிதழை மட்டும் விக்கற நிலைமைக்கு வந்துடுவோம்.”

எல்லோரும் கைதட்டினார்கள். ரத்தக்காரியும் தட்டினாள். மற்றவர்கள் தட்டும்போது தட்டாமல் இருந்தால் படிக்காதவள் என்று நினைத்துக்கொள்வார்கள் என்ற பயம் அவளுக்குக் கல்லூரியிலிருந்தே உண்டு.

ஊழியர்கள் கைதட்டிக்கொண்டே காரை வாசல்வரை தள்ளினார்கள். தள்ளிய வேகத்தில் இஞ்சின் ஒரு தடவை இருமி, உயிர்பிடித்தது. இரண்டு தெரு போனது. இரண்டாவது சிக்னலில் சிவப்பு விழ, பிரேக்கை மிதித்தாள். பச்சை விழுந்தபோது கார் அதைக் கண்டுகொள்ளவில்லை. பின்னால் நின்றவர்கள் அவளுடைய ஏழு தலைமுறையையும் ஹாரனால் விசாரித்தார்கள்.

கிரீஸ் அண்ணன் ஒரு பக்கமும், தகவல் கேட்டு ஓடிவந்த அப்பா ஒரு பக்கமுமாகத் தள்ளினார்கள். அப்பாவுக்குத் தள்ளுவதில் சூட்சுமம் தெரியும். முதுகைக் கொடுக்காமல் தொடையைக் கொடுத்துத் தள்ளுவார். முன்சீட்டில் உட்கார வைக்க நினைத்தவரை அவள் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தாள்.

“ஏம்பா, மூச்சு வாங்குதே.”

“முப்பது வருஷம் தள்ளினேன். நம்ம வண்டியைத் தள்ளறது இதுதான் முதல் தடவை,” என்றார் அப்பா. அதில் பெருமை இருந்தது. அவளால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

வீட்டு வாசலில் அண்ணன் பானெட்டைத் திறந்தார். ஆயில் அளக்கும் கம்பியை உருவித் துணியில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தார். நுனியில் பால் கலந்த தேநீர் நிறத்தில் ஏதோ ஒட்டியிருந்தது.

“தண்ணியும் ஆயிலும் ஒண்ணாக் கலந்துடுச்சு. கேஸ்கட் போயி, ஹெட்டும் வளைஞ்சிருக்கு. சத்தம் வெளிய தெரியாம இருக்கக் கெட்டியா என்னத்தையோ ஊத்தியிருக்கானுங்க.” கம்பியை அவள் முகத்துக்கு நேரே பிடித்தார். “நீதான் ரத்தம் பாக்கறவளாச்சே. இந்த ரிப்போர்ட்டுக்கு என்ன பேரு?”

“எத்தனை நாளாகும்ணே?”

“சாமான் கிடைச்சா மூணு வாரம். கிடைக்கணும்.”

வெள்ளிக்கிழமை காலையில் அவள் நிறுவனத்துக்குப் போனாள். புகார்ப் பிரிவு எங்கே என்று கேட்டாள். அப்படி ஒரு பிரிவு இல்லை. மகிழ்ச்சிப் பிரிவு இருக்கிறது, இரண்டாம் மாடி என்றார்கள். அங்கே ஒரு படிவம் கொடுத்தார்கள். மகிழ்ச்சி, மிக்க மகிழ்ச்சி, சொல்லில் அடங்கா மகிழ்ச்சி என்று மூன்று கட்டங்கள்.

“எனக்கு மகிழ்ச்சியே இல்லைங்க. வண்டி ரெண்டாவது சிக்னல்லயே நின்னுடுச்சு.”

மகிழ்ச்சி அலுவலர் நடுத்தர வயதுக்காரர். மேசையில் குழந்தைகளின் படம் வைத்திருந்தார். உண்மையிலேயே அவளுக்கு உதவ விரும்பினார். “சொல்லில் அடங்காததுல போடுங்கம்மா,” என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். “எல்லாரும் அதுலதான் போடறாங்க. அதுல போட்டாதான் மேல போகும்.”

அவள் போட்டாள். அது மேலே போனது. மேலேயிருந்து உறவு மேலாளர் இறங்கி வந்து, சான்றிதழைக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார்.

“எதுக்குங்க அதை வாங்கறீங்க?”

“புகார் வந்தா சான்றிதழை நிறுத்தி வைப்போம் மேடம். விசாரணை முடிஞ்சதும் தருவோம். சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதானே.”

அவள் பைக்கு நேரே கை நீட்டினாள். “திங்கக்கிழமை அது இல்லைன்னா என் வேலை போயிடும்.”

“அதனாலதான் நாளைக்கே விசாரணை வச்சிருக்கோம்,” என்றார் அவர், ஏதோ உபகாரம் செய்தவர் போல.

சனிக்கிழமை, மூன்றாம் மாடி. நீள மேசைக்குப் பின்னால் தலைவர், தர அதிகாரி, உறவு மேலாளர். எதிரே ஒரு நாற்காலி. நாற்காலியைச் சுற்றித் தரையில் மஞ்சள் கோடு. கிரீஸ் அண்ணனை வாசலோரம் நிற்க அனுமதித்தார்கள்.

“வண்டியை எடுத்துட்டு வரலையே, எப்படிப் பாப்பீங்க?” என்று கேட்டாள் ரத்தக்காரி.

தர அதிகாரி பொறுமையாக விளக்கினார். “வாகனத்தை ஏற்கெனவே பாத்தாச்சு மேடம். இருநூத்திப் பதினேழும் மிக நன்று. ஆக வாகனத்துல குறை இருக்க முடியாது. அப்படியும் ஓடலைன்னா, குறை வேற எங்கயோ இருக்கு. வாகனத்தை விட்டா அங்க நீங்க ஒருத்தர் மட்டும்தான் இருந்தீங்க.”

புதிய படிவம் ஒன்றை எடுத்தார். தலைப்பு: உரிமையாளர் பரிசோதனை. அதிலும் இருநூற்றுப் பதினேழு வரிகள். ஆனால் கட்டம் ஒன்றே ஒன்று: குறை.

அவள் உயரத்தை அளந்தார்கள். எடை பார்த்தார்கள். இடது கால் எத்தனை நொடியில் கிளட்சை விடும் என்று, தரையில் ஒரு செங்கல்லை வைத்து மிதிக்கச் சொன்னார்கள். செங்கல் நகரவில்லை. டிக். “காரை ஸ்டார்ட் பண்ணும்போது மனசுல என்ன நினைச்சீங்க?” என்று கேட்டார்கள். ஸ்டார்ட் ஆகணுமே என்று நினைத்தேன் என்றாள். அவநம்பிக்கை, டிக்.

“உங்க குடும்பத்துல இதுக்கு முன்னால யார் கார் வச்சிருந்தாங்க?” என்றார் தலைவர்.

“யாரும் இல்லைங்க.”

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இப்போதுதான் நோய் பிடிபட்டது என்பது போல.

“முதல் தலைமுறை,” என்றார் தலைவர், இரக்கத்தோடு. இந்த இரக்கத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும். விடுதியில் தட்டு எடுக்கும்போது, நேர்காணலில் அப்பா என்ன செய்கிறார் என்று கேட்கும்போது, இதே குரலில்தான் வரும். “தப்பா எடுத்துக்காதம்மா. இந்த மாதிரி வண்டிக்குப் பழகின கை வேணும். நாம தொட்டாலே அதுக்குத் தெரிஞ்சிடும். என் பையன் எட்டு வயசுலயே என் மடில உக்காந்து ஓட்டினான். அது ரத்தத்துல வரணும்.”

“பதினோராயிரம் பேரோட ரத்தம் எடுத்திருக்கேங்க,” என்றாள் அவள். “சர்க்கரை வரும். கொழுப்பு வரும். கார் ஒருத்தருக்கும் வந்ததில்லை.”

“வாய், டிக்,” என்றார் தலைவர்.

“அப்பா ஏதாவது வாகனம் வச்சிருந்தாரா?” என்றார் உறவு மேலாளர், அவளுக்குச் சாதகமாக எதையாவது எழுதிவிடும் எண்ணத்தில்.

“தள்ளுவண்டி.”

“எத்தனை சக்கரம்?”

“நாலு.”

“சார், நான்கு சக்கரக் குடும்பம்னு போடலாமா?”

“அதுல இஞ்சின் கிடையாதேப்பா,” என்றார் தலைவர்.

“நீங்க வித்ததுலயும்தான் கிடையாது,” என்றார் வாசலிலிருந்து கிரீஸ் அண்ணன். அவரை வெளியே கொண்டுபோனார்கள். படி இறங்கும்வரை அவர் குரல் கேட்டது. தொழில்முறைச் சொற்கள் சிலவற்றை அவர் தலைவரின் தாயாரோடு சம்பந்தப்படுத்திக்கொண்டே போனார்.

கூட்டினார்கள். நாற்பத்து மூன்று குறைகள். “இது நல்ல எண்ணிக்கைதான்,” என்று ஆறுதல் சொன்னார் தர அதிகாரி. “போன வாரம் ஒரு ஸ்கூல் டீச்சருக்கு அறுபது வந்துச்சு.”

காகிதத்தை அவள் பக்கம் நகர்த்தினார்கள். வாகனம் குறையற்றது, குறை என்னிடமே உள்ளது என மனமார ஒப்புக்கொள்கிறேன். கீழே கையெழுத்துக்கான புள்ளிக்கோடு.

“இதுல கையெழுத்துப் போட்டா வண்டியைச் சரி பண்ணித் தருவீங்களா?”

“சரியா இருக்கறதை எப்படிங்க சரி பண்றது?” என்றார் உறவு மேலாளர். “சான்றிதழைத் திருப்பித் தருவோம்.”

“போடலைன்னா?”

“விசாரணை தொடரும். அடுத்த அமர்வு பதினேழாம் தேதி.”

அவள் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டாள். சான்றிதழ் கையில் இருந்தால் வேலை இருக்கும். வேலை இருந்தால் கிரீஸ் அண்ணன் மூன்று வாரத்தில் இஞ்சினை உயிர்ப்பித்துவிடுவார். அதுவரை வழக்கம்போல ஸ்கூட்டரில் போய், பெட்டியை மட்டும் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்துவிடலாம். யார் வாசலில் நின்று பார்க்கப் போகிறார்கள். கையெழுத்துத்தானே. அவள் அப்பா இதைவிட மோசமான காகிதங்களில், படிக்கத் தெரியாமல், போட்டிருக்கிறார். அவளுக்குப் படிக்கத் தெரியும். முழுவதையும் ஒரு தடவை படித்தாள். இரண்டாம் தடவையும் படித்தாள். பிறகு போட்டாள். அப்பாவைப் போலவே நாக்கைக் கடித்துக்கொண்டிருந்தது போட்டு முடித்த பிறகுதான் தெரிந்தது.

திங்கட்கிழமை ஐந்தரை மணிக்குப் பரிசோதனைக்கூடத்தின் மேலாளர் முன்னால் நின்றாள். அவர் தோல் உறையைப் பிரித்தார். சான்றிதழைப் பார்த்து முகம் மலர்ந்தார். புரட்டினார். பின்னால் உரிமையாளர் பரிசோதனை முடிவு நேர்த்தியாகப் பின் அடித்து இணைக்கப்பட்டிருந்தது. அதையும் வாசித்தார்.

“வண்டி பிரமாதம்,” என்றார். “வண்டியை எடுத்துக்கறோம்மா.”

“என்னங்க?”

“மாச வாடகைக்கு. வாடகையை உங்க கடனுக்கு நேரா பேங்க்ல கட்டிடுவோம், உங்களுக்கு அலைச்சல் இல்லை. ஓட்டறதுக்கும் ரத்தம் எடுக்கறதுக்கும் வேற ஆள் போட்டாச்சு.”

“சார், அது என் வண்டி.”

“அதனாலதானே வாடகை தர்றோம். நீங்களே யோசிச்சுப் பாருங்க. நாப்பத்து மூணு குறை இருக்கற ஆள்கிட்ட, இருநூத்திப் பதினேழு மிக நன்று வாங்கின வண்டியை எப்படி நம்பிக் குடுக்கறது? நாளைக்கு ஒண்ணுன்னா என்னைத்தானே கேப்பாங்க.”

“ஆறு வருஷமா நான்தான் சார் எடுக்கறேன். ஒரு நரம்பு தப்பினதில்லை.”

“அதுக்கு ஏதாவது சான்றிதழ் இருக்கா?”

அவள் மொட்டையாகச் சொன்னாள்: “அது ஓடாது சார்.”

மேலாளர் பக்கத்தைத் திருப்பி விரலை வைத்தார். “முப்பத்தாறாவது வரி. ஓட்டம். மிக நன்று.” அவளைப் பார்த்த பார்வையில் வருத்தம் தெரிந்தது. “வேலை போகுதுன்னு வண்டி மேல பழி போடாதீங்கம்மா. படிச்சவங்க நீங்க.”

ஆறு மணிக்கெல்லாம் இழுவை வண்டி ஒன்று அவள் காரை வீட்டு வாசலிலிருந்து தூக்கிக்கொண்டு வந்து இறக்கியது. இருபுறமும் பரிசோதனைக்கூடத்தின் பெயர் எழுதிய ஸ்டிக்கரை ஒட்டினார்கள். புதிதாக வந்திருந்த ஆள், சட்டையை இன் செய்தவர், ஐஸ் பெட்டியைப் பின்னால் வைத்துவிட்டு முன்னால் ஏறி உட்கார்ந்தார். அவருக்குத் தாத்தா காலத்திலிருந்தே கார் இருக்கிறதாம். சரியான ஆள் கிடைத்தார் என்று மேலாளர் மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். சாவி திரும்பியது. இருமல்கூட வரவில்லை. மறுபடி திரும்பியது. மேலாளர் வாசலில் நின்று, ஓடிக்கொண்டிருக்கும் காரை வழியனுப்புகிறவர் போலக் கையை ஆட்டினார். பிறகு உள்ளே போய் வாகனப் பதிவேட்டில், ‘வாகனம் புறப்பட்டது, 6.10’ என்று எழுதினார்.

ரத்தக்காரியின் போன் அடித்தது. நான்காம் குறுக்குத் தெரு பெரியவர். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்தவர். சர்க்கரை பார்க்க வேண்டும் என்பதால் முந்தின நாள் மாலையிலிருந்து பட்டினி.

“ஏம்மா, நீ அஞ்சே முக்காலுக்கே வந்துடுவியே. வெறும் வயித்தோட உக்காந்திருக்கேன். தலை சுத்துது. கிளம்பிட்டியா?”

அவள் மேலாளரின் ஜன்னலைப் பார்த்தாள். வளாகத்தில் சாவி இன்னும் திரும்பிக்கொண்டிருந்தது.

“வண்டி கிளம்பிடுச்சுன்னு எழுதிட்டாங்க ஐயா,” என்றாள். “நீங்க சாப்பிட்டுடுங்க.”

“சாப்பிட்டா ரத்தம் எடுக்க முடியாதேம்மா.”

“யாரும் எடுக்க வரமாட்டாங்க. சாப்பிடுங்க.”

அந்த ஜன்னலுக்கு நேர் கீழே நின்றுகொண்டு, பையிலிருந்து அன்றைய பட்டியலை எடுத்தாள். இன்னும் பதினாறு பேர் இருந்தார்கள். அடுத்த பெயருக்கு எதிரே இருந்த எண்ணை அழுத்தினாள்.